கரண்ட் போன அந்த ஒரு நொடி

காரைக்குடியில் மேகம் கூடினாலே இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து ஆயாவுக்கு எழுதிய கடிதங்களை, வளவில் மேசை போட்டு ஸ்கேன் செய்து நேராகப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பட்டென்று கரண்ட் போனது. யுபிஎஸ் இல்லை. வந்தபிறகு பார்த்தால், ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கிறது!

ஏறிக்கொண்டிருந்த கடிதம் போகட்டும், சரி. போன வாரம் ஏற்றியது ஏன் போகவேண்டும்? பென்டிரைவுக்குள் இருக்கும் ஃபிளாஷ் மெமரியால் எழுதிய இடத்தின் மேலேயே திருப்பி எழுத முடியாது. ‘பக்கம்’ என்கிற சின்னத் துண்டுகளாக எழுதும். அழிப்பதென்றால் பல பக்கங்கள் சேர்ந்த பெரிய பிளாக்காகத்தான் அழிக்கும். அதனால் எது எங்கே இருக்கிறது என்று உள்ளே ஓர் அட்டவணையை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் அட்டவணையே சிதையலாம். ஒரே செல்லில் (தகவலைத் தாங்கும் மிகச் சின்ன அறை) 2, 3 பிட் வைக்கும் வகையென்றால், முன்பே எழுதியதும் சேர்ந்து கெடலாம். சர்வர்களுக்கான எஸ்எஸ்டி (இதே ஃபிளாஷ் மெமரியில் ஓடும் டிஸ்க்) பலவற்றில் இதற்கென்றே கெபாசிட்டர் வைக்கிறார்கள். கையிலிருக்கும் வேலையை முடிக்கிற அளவுக்கு அது மின்சாரம் கொடுக்கும். கடையில் நாம் வாங்கும் பென்டிரைவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதல் கடிதத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மடிப்பெல்லாம் உதிரும் தாள் அது. ஸ்கேனரில் இன்னொரு தடவை வைக்கவே கை நடுங்குகிறது.