சம்பளம் லேட்டானா முதல்ல பிஎஃப் பாருங்க

கஷ்டத்துல இருக்குற கம்பெனியை விட்டுட்டு ஓடாம கூட நிக்கணும்னு கட்டுரையில சொல்லியிருக்கீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க. ஜெட் ஏர்வேஸ்ல நிறைய பேர் அப்படித்தான் நின்னாங்க, சம்பளம் மாசக்கணக்கா தள்ளிப்போயும் புது முதலீடு வந்துடும்னு நம்பி வேலை பார்த்தாங்க, 2019 ஏப்ரல் 17 ராத்திரியோட விமானமே நின்னுபோச்சு, அப்புறம் கேஸு கோர்ட்டுன்னு இழுத்து 2024 நவம்பர்லதான் சுப்ரீம் கோர்ட் கம்பெனியைக் கலைக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல, அதுவரைக்கும் வீட்டு இஎம்ஐ யார் கட்டுறது?

சம்பளம் ஒரு தடவை லேட்டானா கூட பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. ஒரு மாசத்துப் பணத்தை கம்பெனி அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டியிருக்கணும். ஸ்லிப்ல பிடிச்சுட்டு அங்க கட்டலைன்னா உங்க காசை வேற செலவுக்கு ஓட்டுறாங்கன்னு அர்த்தம், அதுக்கப்புறம் எம்டி மீட்டிங்ல என்ன பேசினாலும் நம்பாதீங்க. திவால் சட்டப்படி கம்பெனி கலைப்புக்குப் போனா, அதாவது சொத்தை வித்து பாக்கியைப் பிரிச்சுக் கொடுக்கும்போது, தொழிலாளிக்கு 24 மாச பாக்கி வரைக்கும் அடமானக் கடன் கொடுத்த பேங்குக்குச் சமமா வரிசையில இடம் உண்டு, மேனேஜர் மாதிரி ஆளுங்களுக்கு 12 மாசம்தான், அதுவும் பேங்குக்குப் பின்னாடி.

உடனே ரிசைன் பண்ணுங்கன்னு சொல்லல. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது வர்ற பணிக்கொடைக்கு, அஞ்சு வருஷம் முடிய கொஞ்ச நாள்தான் இருக்குன்னா முடிச்சுட்டுப் போறது நியாயம், ஆனா வேலை தேடறதை இன்னைக்கே ஆரம்பிங்க. பே ஸ்லிப், ஃபார்ம் 16, ஆஃபர் லெட்டர் எல்லாம் சொந்த மெயிலுக்கு எடுத்து வச்சுக்கோங்க, கம்பெனி மூடிட்டா எச்ஆர்ல ஃபோன் எடுக்கக்கூட ஆள் இருக்க மாட்டாங்க.