மீன் மந்திரி கையில், உப்பு டெல்லி கையில்

ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, "கரையில மண்ணு மேடிட்டுப் போச்சு, வத்தையை ஏத்த முடியல, ஏதாவது பண்ணுங்க" என்றார். பதில் சொன்னவர் கோபப்படவில்லை. படகு நிற்கிற இடம் மீன்வளத் துறையாம், எதிரே தெரிகிற தீவு வனத் துறையாம், கரையைத் தோண்டுவதற்கு இன்னொரு துறையாம். "நம்ம கையில தெரு லைட்டும் குடிதண்ணியும்தாண்ணே." கூட்டம் சிரித்துவிட்டது. நானும்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் 1919 ஞாபகம் வந்தது. எனக்கு அவ்வளவு வயதில்லை, படித்ததுதான்.

மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று பள்ளியில் ஐந்து மார்க் கேள்வியாகப் படித்திருப்போம். இரட்டையாட்சி. மாகாண அரசாங்கத்தின் வேலைகளை இரண்டாகப் பிரித்தார்கள். கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளாட்சி எல்லாம் தேர்தலில் ஜெயித்து வந்த மந்திரிகளுக்கு. போலீஸ், நிலவரி, பாசனம், நிதி எல்லாம் கவர்னரும் அவருடைய நிர்வாகக் குழுவும் வைத்துக்கொள்வார்கள். செலவு இங்கே, பணப்பெட்டி அங்கே.

எங்கள் கரைக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. மீன்வளத்தை மந்திரியிடம் ஒப்படைத்தார்கள். உப்பு, ரயில், சுங்கம் மூன்றும் மத்திய அரசிடமே இருந்தன. அதாவது மீன் மந்திரி கையில், மீனுக்குப் போடுகிற உப்பு டெல்லி கையில்.

இது எவ்வளவு பெரிய கூத்து என்று புரிய வேண்டுமானால் கருவாடு போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். அப்பத்தா சீலா மீனை முதுகுப் பக்கமாகக் கீறி, குடலை எடுத்து, கடல் தண்ணீரிலேயே அலசுவார். அப்புறம் கீறின சதைக்குள் கல்லுப்பை விரலால் அழுத்தித் திணிப்பார். கை எரியும், காட்டிக்கொள்ள மாட்டார். உப்பில் கஞ்சத்தனம் பண்ணினால் இரண்டாம் நாளே நாற்றம், மூன்றாம் நாள் புழு. எங்கள் தொழிலில் மீனும் உப்பும் ஒரே பொருள். அந்த உப்புக்கு வெள்ளைக்காரன் வரி போட்டிருந்தான். வரியில்லாத உப்பு வேண்டுமென்றால், அரசாங்கம் வேலி கட்டிவைத்த இடத்துக்கு மீனைக் கொண்டுபோய் அங்கேயே கருவாடு போட வேண்டும். பிடிப்பவன் வேறு, கணக்கு எழுதுகிறவன் வேறு.

இதை நான் மட்டும் புலம்பவில்லை. நீதிக்கட்சி அமைச்சரவையில் மந்திரியாக இருந்த குர்மா வெங்கட ரெட்டி நாயுடுவே, பாசனம் இல்லாத விவசாய மந்திரி, தொழிற்சாலை இல்லாத தொழில் மந்திரி என்று தன் நிலைமையைச் சொல்லியிருக்கிறார்.

சரி, அந்த மந்திரியைத் தேர்ந்தெடுக்க ஓட்டு யாருக்கு இருந்தது? வரி கட்டுகிறவனுக்கு. குறிப்பிட்ட அளவு நிலத்தீர்வை, நகராட்சி வரி, வருமான வரி என்று ஏதாவது ஒன்று காட்ட வேண்டும். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு. கடலில் போகிறவனிடம் என்ன பட்டா இருக்கும்? எங்கள் சேது சீமையில், அதாவது ராமநாதபுரம் பக்கத்தில், நிலம் ஜமீனுடையது. சங்குப் படுகைக்கும் ராமநாதபுரம் ராஜாவான சேதுபதிக்கே பாத்தியதை. முங்கிச் சங்கு எடுக்கிறவனுக்குக் கூலி உண்டு, ஓட்டு கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், தனுஷ்கோடியில் கப்பல் ஏறி இருபது மைலுக்குக் கொஞ்சம் மேல் போனால் இலங்கையின் தலைமன்னார். அதே வெள்ளைக்காரன் ஆட்சிதான். அங்கே 1931-ல் டொனமூர் அரசியலமைப்பில் 21 வயது ஆன ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டது. இது முழுச் சுயராஜ்யம் இல்லை என்று சொல்லி யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. வடக்கில் நாலு தொகுதிகள் காலியாகவே கிடந்தன. இந்தப் புறக்கணிப்பு சரியா தப்பா என்று என் நண்பர்கள் இரண்டு பேர் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிக்கோ அங்கேயும் நிபந்தனைதான். ஐந்து வருஷம் அங்கே இருந்ததைக் காட்டு, நிரந்தரமாகத் தங்குவாய் என்று காட்டு. 1948 குடியுரிமைச் சட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அதுவும் போய்விட்டது. அவர்களில் நிறையப் பேர் பிறகு இதே மண்டபம் வழியாகத்தான் திரும்பி வந்தார்கள்.

இப்படிச் சொன்னால், "அப்போ எல்லாம் வெறும் நாடகம்தானே" என்று கமெண்டில் வருவீர்கள். அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை.

1920களின் கடைசியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். அப்போது ஜில்லா என்பது இன்றைய சிவகங்கை, விருதுநகர் எல்லாம் சேர்ந்தது. ஜில்லா போர்டுக்கு என்ன பெரிய அதிகாரம்? ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. அந்த ரோட்டை வைத்தே அவர் ஒரு காரியம் செய்தார். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு உரிமம் ரத்து. போலீஸ் அவர் கையில் இல்லை, சட்டசபை அவர் கையில் இல்லை. பஸ் ஓட ரோடு வேண்டுமே, அது அவர் கையில் இருந்தது. கையில் இருக்கிற ஒரு சின்ன அதிகாரத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1937 தேர்தலில் ஓட்டு இன்னும் கொஞ்சம் பரவியது. அப்போதும் எல்லோருக்கும் இல்லை. இருந்தும் ராமநாதபுரத்தில் ராஜாவையே எதிர்த்து நின்று முத்துராமலிங்கத் தேவர் ஜெயித்தார். (தோற்ற ராஜா 1952-ல் ஜெயித்து ராஜாஜி அமைச்சரவையில் மந்திரியானார் என்பது தனிக் கதை.) போலீஸ் இலாகாவும் அந்த முறை மந்திரிகள் கைக்கு வந்தது. ஆனால் சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திப் போலீஸ் கண்காணிப்பில் வைத்த குற்றப்பரம்பரைச் சட்டம் ஒழிய 1947 ஆனது. அதிகாரம் கைக்கு வந்த பிறகும் பத்து வருஷம். இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது.

கிராம சபை விஷயத்துக்கு வருகிறேன். அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தத்தோடு வந்த பதினோராவது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 29 துறைகள் இருக்கின்றன. ஐந்தாவது மீன்வளம். "ஒப்படைக்கலாம்", அவ்வளவுதான். ஒப்படைப்பது மாநில அரசின் இஷ்டம்.

அந்தப் பக்கத்தைப் பத்து பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அக்டோபர் 2 கூட்டத்தில் நம்ம வத்தைக்காரர் மறுபடியும் எழுந்திரிப்பார். பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.