ரீசார்ஜ் பண்ணியது நாம், பங்கு கேட்பது அவர்களா?

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பழைய பல்லவியை விடுவதாக இல்லை. யூடியூபும் வாட்ஸ்அப்பும் எங்கள் நெட்வொர்க்கில் ஓசியில் ஓடிச் சம்பாதிக்கின்றன, அதனால் எங்களுக்கு நியாயமான பங்கு தரவேண்டும் என்கிறார்கள். 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கருத்துக் கேட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள். ஓசியில் எங்கே ஓடுகிறது? மாதாமாதம் ரீசார்ஜ் பண்ணுகிறோமே, அந்தக் காசு எதற்கு? டேட்டாவை விற்றாயிற்று, அதில் நான் எதைப் பார்க்கிறேன் என்பது என் விருப்பம்.

பெரிய கம்பெனிகள்தானே, கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று நண்பர்களே சொல்கிறார்கள். சரி, அவர்கள் கொடுத்துவிடுவார்கள். புதிதாக வருகிறவன்? வாட்ஸ்அப் 2009-இல் தொடங்கியபோது அது யாஹூவில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த இரண்டு பேரின் சின்ன முயற்சி. அப்போது இங்கே தீபாவளி, பொங்கல் வந்தால் எஸ்எம்எஸ் பேக் செல்லாது, வாழ்த்து ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு பிடிப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த வருமானத்தில் கைவைக்க வந்த ஒரு செயலி, அதே நிறுவனங்களிடம் போய்ப் பணம் கட்டி அனுமதி வாங்கித்தான் உள்ளே வரவேண்டும் என்று இருந்திருந்தால் வந்தே இருக்காது.

தென்கொரியாவைப் பாருங்கள். அங்கே தளங்கள் கட்டவேண்டிய நெட்வொர்க் கட்டணம் பெரும்பாலான மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு ஆகிறது, தாங்கமுடியவில்லை என்று சொல்லி ட்விட்ச் என்ற நேரலை வீடியோ தளம் 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. அமேசானுக்குச் சொந்தமான நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், மதுரையில் உட்கார்ந்து ஒரு தமிழ்ச் செயலி எழுதுகிற பையன் எங்கே போவான்?

2015-இல் ஃபேஸ்புக்கின் இலவச இணையத் திட்டமான இன்டர்நெட்.ஆர்க் வந்தபோது முதலில் இறங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஃப்ரீ பேசிக்ஸ் என்று பிறகு பெயர் மாற்றினார்கள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம் இருந்தால் இலவசம், ஆனால் அதில் சேர்ந்த சில தளங்கள் மட்டும். உங்கள் தளம் அதில் வரவேண்டுமென்றால் வீடியோ கூடாது, பெரிய படம் கூடாது, ஜாவாஸ்கிரிப்ட் கூடாது, எல்லாமே ஃபேஸ்புக் சர்வர் வழியாகத்தான் போகவேண்டும். ஏழைக்கு இணையம் என்ற பெயரில் இணையத்தில் ஒரு மூலையைக் காட்டினார்கள், அவ்வளவுதான். இதை ஆதரித்து ட்ராய்க்கு மெயில் அனுப்பச் சொல்லி இதே முகநூலில் நம் எல்லோருக்கும் அறிவிப்பும் வந்தது.

அதை நிறுத்தியது சாதாரண மக்கள்தான். அந்த வருடம் ஏப்ரலில், ட்ராய் வெளியிட்ட 118 பக்க ஆலோசனைத் தாளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் குவிந்தது. அடுத்து 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கக் கூடாது, மீறினால் நாளுக்கு 50 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று ட்ராய் உத்தரவு போட்டது. எந்தத் தளத்தையும் தடுக்கவோ அதன் வேகத்தைக் குறைக்கவோ கூடாது என்பதை 2018-இல் அரசும் ஏற்றுக்கொண்டது.

இப்போது அதே ஆசை பின்வாசல் வழியாக வருகிறது. பங்கு, பயன்பாட்டுக் கட்டணம் என்று எந்தப் பெயரிலும் எந்தத் தளத்திடமும் வசூலிக்கக் கூடாது என்று உரிம விதியிலேயே வெளிப்படையாக ஒரு வரி எழுதவேண்டும். ட்ராய் அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது நான் இதைத்தான் எழுதப்போகிறேன், நீங்களும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.