காரை இறக்கிவிட்டு போல்ட்டை இறுக்குங்கள்!

பின் சஸ்பென்ஷன் புஷ், அதாவது இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை, அதை மாற்றுவது அவ்வளவு பெரிய வித்தையா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவன் என்ன பாவம் செய்தான்? புதுச்சேரி முதலியார்பேட்டையில் தொடங்கி அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று கடலூர் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் டொக்கு டொக்கென்று அடிக்கிறது. மெக்கானிக்குகளிடம் போய்ச் சொன்னால் எல்லாரும் ஒரே பாட்டு: "ஷாக் அப்சார்பர் போச்சு சார்." மாற்றினால்? அதே டொக்கு. அப்புறம் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது. உண்மையில் புஷ் ரப்பர் வெடித்து, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் கை வைத்தாலே ஆடுகிறது. அதை விட்டுவிட்டு எத்தனை தரம் அலைன்மென்ட் செய்தால் நிற்கும்? உள்விளிம்பு தேய்ந்து டயர் போனதுதான் மிச்சம்.

கடல் காற்று வேறு. உப்பில் துரு ஏறி, புஷ்ஷின் உள் ஸ்லீவும் (உள்ளே இருக்கும் உலோகக் குழாய்) அதில் நுழையும் போல்ட்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் ஊற்றி ஊறவிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? எடுத்தவுடன் சுத்தியல்! பிரஸ் வைத்து அழுத்த வேண்டிய புதுப் புஷ்ஷுக்கும் அதே சுத்தியல்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்குகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ரப்பர் புஷ் பேரிங் போலச் சுற்றாது. ரப்பர் முறுகிக்கொடுத்துத்தான் ஆர்ம் அசையும். வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்கினால்தான் ரப்பர் இயல்பாக இருக்கும். தொங்கவிட்டு இறுக்கினால், காரை இறக்கிய நொடியிலிருந்து முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். சொன்னால், "30 வருஷமா இப்படித்தான் சார் பண்றோம்." அந்த 30 வருஷத்தில் எத்தனை பேர் வண்டியில் எத்தனை புஷ் கிழிந்திருக்கும்?