பிரமிடைக் கட்டியவர்கள் சாட்டைக்கு அஞ்சிய அடிமைகளா?

எகிப்தின் பெரிய பிரமிடை ஒரு லட்சம் அடிமைகள் சாட்டையடி பட்டுக் கட்டினார்கள் என்ற செய்தி, கற்பனை ஓவியங்களுடன் மீண்டும் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு. அந்த எண்ணைத் தந்தவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். பிரமிடு எழுந்து ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த அவரும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆட்கள் மாறி உழைத்ததாகத்தான் எழுதினார்.

1990-இல் கீசாவில், பிரமிடுகளுக்கு அருகிலேயே தொழிலாளர்களின் கல்லறைகள் கண்டறியப்பட்டன. ஒரு குதிரையின் கால் இடறியதே அதற்குக் காரணம் என்பது சுவையான செய்தி. மன்னரின் நினைவிடத்துக்கு இத்தனை அருகில் அடிமைகளுக்குக் கல்லறை எழுப்பியிருப்பார்கள் என்று நம்புவது கடினம். அங்குள்ள எலும்புகளில் கடும் உழைப்பால் வந்த தேய்மானம் தெரிகிறது. ஆனால், முறிந்த எலும்புகள் முறையாகக் கட்டப்பட்டு நேராகக் கூடியிருப்பதால், காயமுற்றவர்களுக்கு மருத்துவம் கிடைத்ததும் புலப்படுகிறது. அருகிலிருந்த குடியிருப்பில் ரொட்டி சுட்ட அடுமனைகளும், ஆடுமாடுகளின் எலும்புகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

எல்லாவற்றிலும் வலுவான சான்று, செங்கடற்கரையில் உள்ள வாடி அல்-ஜர்ஃபில் 2013-இல் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகள். ஏறத்தாழ 40 பேர் கொண்ட குழுவின் தலைவரான மெரெர், தூரா கல்குவாரியிலிருந்து கீசாவுக்குப் பிரமிடுக்கான சுண்ணாம்புக் கற்களைப் படகில் கொண்டுசென்றதை நாள்வாரியாகப் பதிந்திருக்கிறார். சாட்டைக்கு அஞ்சிய கூட்டமாக அன்றி, ஒழுங்காக அமைந்த குழுக்களாக வேலை நடந்ததை இது காட்டுகிறது.

எனினும், இவர்களை இன்றைய பொருளில் கூலிக்கு வந்த சுதந்திரத் தொழிலாளர்கள் என்று கொள்வதும் பிழை. அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டாய உழைப்பாகவே பலர் வந்தனர், ஊதியம் நாணயமாக அன்றி ரொட்டியாகவும் பீராகவும் அளக்கப்பட்டது.