லிஸ்பன் கொடில இருக்கறது வாஸ்கோடகாமா கப்பல் இல்லங்க

ரெண்டு மூணு நாளா ஒரு ஃபார்வர்டு சுத்துது. போர்ச்சுகலோட தலைநகர் லிஸ்பன் மாநகராட்சி கொடி நடுவுல இருக்கற கப்பல் வாஸ்கோடகாமா இந்தியா வந்த கப்பலாம், மேல கிரீடத்துல தெரியற 5 கோபுரம் போர்ச்சுகீசியங்க இந்தியாவுல புடிச்ச 5 கோட்டையாம். ரெண்டுமே தப்பு.

அந்தக் கப்பல்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுனு ரெண்டு அண்டங்காக்கா உக்காந்திருக்கும் பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. 1173ல போர்ச்சுகல் மன்னர் அஃபோன்சு என்ரீக்கெஸ் காலத்துல, லிஸ்பனோட காவல் புனிதரான வின்சென்ட்டோட உடலை நாட்டோட தென்மேற்கு முனையிலேர்ந்து லிஸ்பனுக்குக் கப்பல்ல கொண்டுவந்தப்ப காக்காங்க காவலா கூடவே வந்துச்சுங்கறது அந்த ஊர்க் கதை, அதைத்தான் சின்னமா வச்சிருக்காங்க. காமா கோழிக்கோடு வந்தது 1498ல, முந்நூறு வருஷத்துக்கும் மேல பிந்தி!

கோபுரக் கணக்கு இன்னும் சிம்பிள். போர்ச்சுகல்ல நகரம்னா 5 கோபுரம், டவுன்னா 4. போர்ட்டோ நகரத்துக்கும் அதே 5தான், ஆனா வெள்ளி. தலைநகரம்ங்கறதால லிஸ்பனுக்கு மட்டும் தங்கம். 1991ஆம் வருஷத்து 53/91 சட்டத்துல இதெல்லாம் இருக்கு, அவங்க அரசிதழ் சைட்லயே பாக்கலாம்.

உங்க குரூப்புக்கு அந்த மெசேஜ் வந்தா தயவுசெஞ்சு தள்ளிவிடாதீங்க, அனுப்பினவங்களுக்கு இதைக் காட்டுங்க.