சார் கொஞ்சம் பயப்படுறாரு மேடம்

முந்தாநாள் சர்வீஸ் சென்டரில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் என் மனைவியிடம் கேட்டுக்கொள்ளலாம், அவள் நடித்தே காட்டுகிறாள். கடை பெயர் போட மாட்டேன். எனக்கு அவர்கள் மேல் கோபமெல்லாம் இல்லை (இருக்கிறது). ஒரே கேள்விதான். முன் சக்கரத்தைத் தூக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

புது வண்டி, 640 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. 80-ல் போய் ஆக்சிலேட்டரை விட்டால், வேகம் இறங்கும்போது 65-க்கும் 55-க்கும் நடுவில் ஹேண்டில் இடதும் வலதுமாகத் துடிக்கிறது. இறுக்கிப் பிடித்தால் அடங்கும், பிடியைத் தளர்த்தினால் திரும்ப அலம்பும். காரிமங்கலம் பக்கம் முதல் தடவை வந்தபோது எதிர்க்காற்று என்று நினைத்தேன். மூன்றாம் தடவை காற்றே இல்லை.

இதைச் சொன்னதும் சூப்பர்வைசர் தம்பி வண்டியை எடுத்து சர்வீஸ் ரோட்டில் ஒரு ரவுண்டு போனார். லாரி நிற்கிற ரோடு, 40-க்கு மேல் போயிருக்க வழியில்லை. வந்து இறங்கியவர் என்னிடம் பேசவில்லை, என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "வண்டியில ஒண்ணும் இல்ல, சார் கொஞ்சம் பயப்படுறாரு மேடம். கைய விடாம ஓட்டச் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன் தம்பி.

"கையை விடாதே" என்பது ரிப்பேர் இல்லை, ஒழுகுற ஓட்டுக்குக் கீழே குண்டா வைக்கிற வேலை. கை இறுக்கிப் பிடிப்பதால் ஆட்டம் தெரியாமல் போகிறதே தவிர, ஆடுவதற்கான காரணம் அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது சிலர் வருவார்கள். காற்று பார்த்தியா? பார்த்தேன், காலையில் வண்டியை எடுக்கும் முன்னால், ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவுக்கு. ரோடு சரியில்லை? அதே ரோட்டில் என் பழைய வண்டி 14 வருஷம் அலம்பாமல் போனது, அடுத்த கேள்வி. கையை விட்டால் பல வண்டிகள் லேசாக ஆடும், டயர் பட்டனை (ரோட்டைப் பிடிக்கிற மேடு பள்ளத்தை) பொறுத்து அப்படி வரும் என்கிறீர்களா? சரி, ஒத்துக்கொள்கிறேன், உண்மைதான். ஆனால் முன் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள். ஓட ஓட செட் ஆகிவிடும் என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் இருக்கிற பேரிங், லூசாக இருந்தால் அது ஓட ஓட சரியாகாது. ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் பால்ஸ் போய் ரேஸில் (பால்ஸ் உருள்கிற வளையத்தில்) குத்தும், குத்திய இடம் குழியாகும், அப்புறம் ஹேண்டிலை நேராக வைத்தால் அங்கேயே பிடிக்கும். முதல் சர்வீஸில் அதை டைட் பார்ப்பதே புதுசில் உட்கார்ந்து லூசாகும் என்பதால்தானே?

அப்பா பாலக்கோடு மார்க்கெட்டுக்கு பைக்கில் பின்னால் ரெண்டு கிரேட் தக்காளி கட்டிக்கொண்டு போவார். டேங்க் மேல் நான். ஒருநாள் ஹேண்டில் உதறியது, அப்பா பிரேக்கைத் தொடாமல் மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். பட்டறைக்காரர் வண்டியையே பார்க்கவில்லை. "பாரம் பின்னால ஏறினா முன்னால லேசாயிடும், கிரேட்ட முன்ன தள்ளிக் கட்டு" என்றார். சரியாகிவிட்டது. ஆனால் அவர் முதலில் அப்பா சொன்னதை முழுசாகக் கேட்டார். யாரும் யாரையும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை.

விற்கும்போது பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்களே, அன்று நான் பயப்படுகிற ஆளாகத் தெரியவில்லை. 36 தவணைக்குக் கையெழுத்துப் போட்ட ஆளுக்கு 65-ல் ஓட்ட பயமாம். மாசம் ரெண்டு தடவை இவளைப் பின்னால் உட்கார வைத்து தொப்பூர் கணவாய் இறங்கி மேச்சேரி போகிறவன் நான். பக்கத்தில் லாரி இறங்கிக்கொண்டிருக்கும்போது ஹேண்டில் துடித்தால் பயப்படத்தான் வேண்டும். பயப்படாதவன் ஓட்டக் கூடாது.

நேற்று பென்னாகரம் ரோட்டில் ஒரு பட்டறை. அண்ணன் டபுள் ஸ்டாண்ட் போட்டு, பையனைப் பின் சீட்டில் உட்கார வைத்தார். முன் சக்கரம் எழுந்தது. சக்கரத்தை ரெண்டு பக்கமும் தாங்குகிற ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே, ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க் சேரும் இடுக்கில் என்னை விரல் வைக்கச் சொன்னார். டொக். காதில் கேட்கவில்லை, விரலில் தெரிந்தது. அப்புறம் சக்கரத்தைச் சுற்றிவிட்டு டயர் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்தார். ஒரே இடத்தில்தான் கோடு விழுந்தது. ரிம்மை ஒட்டி டயரில் ஒரு வரி ஓடுமே, அது சுற்றிலும் ஒரே அளவுக்குத் தெரிய வேண்டும், இதில் ஒரு சாண் நீளத்துக்கு ரிம்முக்குள் முங்கிக் கிடந்தது. சொன்ன டீ வருவதற்குள் எல்லாம் முடிந்தது. "நான் ஸ்பேனர் வைக்கல தம்பி, வாரண்டி போயிடும். கோன்செட்ட டைட் பண்ணி, டயர இறக்கி ஏத்தச் சொல்லு." காசும் வாங்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போகிறேன். சாக்பீஸ் பையில் இருக்கிறது. முன் சக்கரம் தூக்க பின் சீட்டில் உட்கார ஆள் வேண்டுமே, மேடமும் வருகிறார்.